சுவரிலுள்ள ஏவலர்



பொழுது சாய்ந்து இருள் பரவியதும் நாம் செய்யும் முதற்காரியம் சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டுவதாகும். தட்டினால் விளக்கு எரிகிறது. மறுபடி தட்டினால் அணைகிறது. இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. உள்ளே ஒரு சிறு தகடு இருக்கிறது. அது கம்பியின் இரு முனைகளையும் சேர்த்தால் மின்சாரம் ஓடும், விலகினால் நிற்கும். நம் விரலுக்கும் விளக்குக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவரும் இல்லை.

ஆனால், அண்மைக் காலத்தில் பல வீடுகளில் ‘ஸ்மார்ட் சுவிட்ச்’ என்ற ஒன்று குடிபுகுந்திருக்கிறது. வெளித்தோற்றத்தில் அது பழைய சுவிட்சிலிருந்து அதிகம் வேறுபடாது. மூடியைக் கழற்றினால்தான் வேற்றுமை புலப்படும். உள்ளே மூன்று முக்கிய உறுப்புகள் உள்ளன. முதலாவது ரிலே. விரல் செய்த வேலையை இங்கே ஒரு மின்காந்தம் செய்கிறது. தகட்டை இழுத்து மின்சுற்றை மூடுகிறது. இரண்டாவது, 230 வோல்ட் மின்சாரத்தை 3.3 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் பகுதி. மூன்றாவது, விரல்நகத்தினும் சிறிய ஒரு சில்லு. ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈ.எஸ்.பி. 8266 என்னும் சில்லு இத்தகைய சுவிட்சுகள் பலவற்றில் இடம்பெற்றது. இது வைஃபை வழியே பேசும், நேரத்தைக் கணக்கிடும், ரிலேக்கு ஆணையிடும். நாம் தட்டும் பொத்தானும் ரிலேயோடு நேரே இணைந்ததன்று. பொத்தான் சில்லுக்கு ஒரு விண்ணப்பம் போடுகிறது. சில்லு அதைப் படித்துப் பார்த்து ரிலேக்கு உத்தரவு பிறப்பிக்கிறது.

அப்படியாயின், அந்தச் சில்லுக்கு உத்தரவிடுவது யார்? சில்லின் நினைவகத்தில் எழுதப்பட்டுள்ள நிலையான கட்டளைத் தொகுதிதான். அதனை நிலைப்பொருள் என்பர். மின்சாரம் நின்றாலும் அது அழிவதில்லை. ‘பொத்தானை அழுத்தினால் என்ன செய்வது, யார் சொன்னால் கேட்பது, யாரிடம் செய்தி சொல்வது’ என்பனவெல்லாம் அதில் அடங்கியுள்ளன.

கடையில் வாங்கும் சுவிட்சுகள் பலவற்றின் நிலைப்பொருள், நிறுவனத்தின் சர்வரையே தன் எசமானாகக் கொண்டது. கட்டிலில் படுத்தவாறு கைப்பேசியில் ‘விளக்கை அணை’ என்று ஆணையிடுகிறீர்கள். விளக்கோ பத்தடி தூரத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆணை வீட்டைவிட்டு வெளியேறி, வேற்றூரிலோ வேற்று நாட்டிலோ உள்ள சர்வரை அடைந்து, அதன் அனுமதி பெற்றுத் திரும்பி வந்தபின்தான் விளக்கு அணைகிறது.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் உழன்றவன். எனக்குத் தெரிந்த உவமையைச் சொல்கிறேன். மணியடிக்க ஓர் ஏவலரை நியமிக்கிறோம். சம்பளம் நாம் தருகிறோம். அவர் நம் பள்ளியிலேயே இருக்கிறார். ஆயினும், ‘வெளியூரிலுள்ள ஒருவரிடமிருந்து கடிதம் வந்தால்தான் மணியடிப்பேன்’ என்கிறார். கடிதம் வரும்வரையில் குறையொன்றும் தெரியாது. வராத நாளில் அல்லவா அந்த ஏவலர் யாருடைய ஆள் என்பது விளங்கும்?

அப்படியொரு நாள் என் வீட்டிலும் வந்தது. எழுபத்தைந்து வயதான என் தமக்கையார் எங்களுடன் இருக்கிறார். அவர் இரவில் எழுந்து நடக்கும் வழியில் ஒரு படி உண்டு. மாலை ஆறு மணிக்கு விளக்கு தானே எரிந்து விடியலில் அணையுமாறு அங்கே ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினோம். ஓராண்டு ஒழுங்காக நடந்தது. ஒருநாள் அதை விற்ற நிறுவனம் தன் சர்வரை மூடிவிட்டது. அன்று மாலை நாங்கள் ஊரில் இல்லை, விளக்கு எரியவில்லை. இருளில் படியைத் தவறவிட்டுத் தமக்கையார் விழுந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. சுவிட்ச் பழுதாகவில்லை. ரிலே நன்றாக இருந்தது. சில்லும் நன்றாக இருந்தது. ஆறு மணி என்பதை நினைவில் வைத்திருந்தது மட்டும் சுவிட்ச் அன்று, எங்கோ இருந்த சர்வர்!

இஃது என் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவில் ரிவால்வ் என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி ஏறத்தாழ 300 டாலருக்கு விற்கப்பட்டது. கூகுளைச் சேர்ந்த நெஸ்ட் நிறுவனம் அதனை 2014-இல் விலைக்கு வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சர்வரை நிறுத்தியது. கருவிகள் வெறும் பெட்டிகளாயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. பிறகு அதைப் பயன்படுத்தி வந்தவர்கள் சிலரே ஒன்றுகூடி, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நிறுவனத்தை வாங்கிச் சர்வர்களுக்கு உயிரூட்டினர்.

எல்லோராலும் நிறுவனத்தை விலைக்கு வாங்க முடியுமா? முடியாது. ஆனால் எளிய வழி ஒன்றுண்டு. ஏவலரை மாற்ற வேண்டுவதில்லை. அவர் கையிலுள்ள உத்தரவேட்டை மாற்றினால் போதும். அதாவது, சில்லிலுள்ள பழைய நிலைப்பொருளை அழித்து, யாவரும் படித்துப் பார்க்கக்கூடிய வேறொரு நிலைப்பொருளை அங்கே பதிப்பது.

இந்த எண்ணம் புதிதன்று. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க அறிஞர் கட்டற்ற மென்பொருள் முயற்சியைத் தொடங்கினார். மென்பொருளை இயக்கவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் அதனைப் பெற்றவருக்கு உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை பிற்காலத்தில் வீட்டுக் கருவிகளுக்குள்ளும் புகுந்தது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் வைஃபை ரூட்டர் ஒன்றினுள் லினக்ஸ் மென்பொருள் இருப்பதைச் சிலர் கண்டறிந்தனர். உரிம நிபந்தனைப்படி நிறுவனம் 2003-இல் அதன் மூலநிரலை வெளியிட நேர்ந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு மறு ஆண்டே ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் நிலைப்பொருள் பிறந்தது. சுவிட்சுகளுக்கு அந்த நற்பேறு 2016-இல் வாய்த்தது. நெதர்லாந்து நாட்டினரான தியோ அரெண்ட்ஸ், சோனாஃப் என்னும் மலிவான சுவிட்சுக்காகத் தாமே ஒரு நிலைப்பொருள் எழுதி உலகுக்கு வழங்கினார். டாஸ்மோட்டா என்பது அதன் பெயர். ஈஎஸ்பிஹோம் என்பது மற்றொன்று. சில்லின் எந்தக் காலில் எது இணைந்துள்ளது என்பதைச் சில வரிகளில் எழுதித் தந்தால், அதற்குரிய நிலைப்பொருளை அதுவே ஆக்கித் தரும்.

இனி, பதிக்கும் முறையைக் காண்போம். என் தம்பியின் மகன் பொறியியற் கல்லூரி மாணவன். அவன்தான் எங்கள் வீட்டுச் சுவிட்சுக்கு இதைச் செய்தான். தொடங்கும்போதே, “பெரியப்பா, மெயினை அணைத்துவிட்டேன், அப்படியே சுவரில் வைத்துச் செய்யலாமா?” என்று கேட்டான். “கூடாது. மின்பணியாளரைக் கொண்டு கழற்றி மேசைக்குக் கொண்டு வா, கம்பி ஒன்றும் அதில் ஒட்டியிருத்தல் ஆகாது” என்றேன். காரணம் உண்டு. இத்தகைய சுவிட்சுகள் பலவற்றில் 3.3 வோல்ட் பகுதி 230 வோல்ட் பகுதியிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டதன்று. சுவிட்ச் மின்னிணைப்பில் இருக்கையில் கணிப்பொறியை அதனோடு இணைத்தால், கணிப்பொறி கருகலாம். தொட்டவர் உயிருக்கும் கேடு நேரலாம். நண்பர்களே, இந்தப் பேச்சில் மற்றெதை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

மேசைக்கு வந்த சுவிட்சின் பலகையில் நான்கு புள்ளிகளைக் காணலாம்: மின்னூட்டம், தரை, செய்தி அனுப்பும் முனை, செய்தி பெறும் முனை. இவற்றை யு.எஸ்.பி. சீரியல் அடாப்டர் என்னும் சிறு கருவி வழியாகக் கணிப்பொறியுடன் இணைக்க வேண்டும். ஒருவர் பேசும் வாய் மற்றவர் கேட்கும் செவியோடு சேர வேண்டுமாதலால், அனுப்பும் முனையைப் பெறும் முனையோடு குறுக்காக இணைக்க வேண்டும். மின்னூட்டம் 3.3 வோல்ட்டுக்கு மிகலாகாது. 5 வோல்ட் தந்தால் சில்லு கெடக்கூடும்.

பிறகு, சில்லின் 0 என்ற எண்ணுள்ள காலைத் தரையோடு சேர்த்துக்கொண்டு மின்னூட்டம் தர வேண்டும். வழக்கமாக எழுந்தவுடன் வேலையைத் தொடங்கும் சில்லு, அப்போது வேலையைத் தொடங்காமல், ‘புதிய உத்தரவு என்ன?’ என்று காத்து நிற்கும். இந்தக் காத்து நிற்கும் குணம் சில்லு செய்யும்போதே அதனுள் அழியாதவாறு பொறிக்கப்பட்டது. ஆதலால் இடையில் பிழை நேர்ந்தாலும் பெரும்பாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம்.

எஸ்பிடூல் என்னும் நிரலைக் கொண்டு முதலில் பழைய நிலைப்பொருளைப் படித்துப் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பிச் செல்ல வழி வைத்துக்கொண்டே முன்னேறுவது அறிவுடையார் செயல். அடுத்து நினைவகத்தைத் துடைத்து, புதியதை எழுத வேண்டும். 1 மெகாபைட் நினைவகத்தில் இது சில நிமிட வேலை. கம்பிகளை நீக்கி மீண்டும் இயக்கினால், சுவிட்ச் தன் பெயரில் ஒரு வைஃபை வலையை எழுப்பும். கைப்பேசியை அதனோடு இணைத்து 192.168.4.1 என்ற முகவரியைத் திறந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் தர வேண்டும். கடைசியாக, சில்லின் எந்தக் காலில் எது உள்ளது என்று சொல்ல வேண்டும். சோனாஃப் பேசிக் என்ற சுவிட்சில் 0 பொத்தானுக்கும், 12 ரிலேக்கும், 13 சிறு விளக்குக்கும் உரியன. இவையெல்லாம் முடிந்து, மூடியைப் பொருத்திய பின்னரே சுவிட்ச் சுவருக்குத் திரும்ப வேண்டும்.

எல்லாச் சுவிட்சுகளுக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த மாநாடொன்றில், டூயா வகைச் சுவிட்சுகளின் நிலைப்பொருளைத் திறக்காமலே வைஃபை வழியாக மாற்ற முடியும் என்று காட்டினர். வீட்டுக்காரர் நுழையக்கூடிய அந்த ஓட்டை வழியே திருடனும் நுழையலாம் அன்றோ? நிறுவனம் அதனை அடைத்தது முறையே. பின்னர் வந்த சுவிட்சுகள் பலவற்றில் சில்லே வேறு. ஆகவே, வாங்குமுன் உள்ளே உள்ள சில்லு எதுவென அறிதல் வேண்டும்.

ஆதாயத்தோடு பொறுப்பும் வந்து சேருகிறது. உத்தரவாதம் போய்விடும். டாஸ்மோட்டாவின் பக்கத்துக்குத் தொடக்கத்தில் கடவுச்சொல் கிடையாது. நாமே இட வேண்டும். பிழை திருத்திய புதிய பதிப்புகள் வெளிவரும்போது நாமே ஏற்ற வேண்டும். எசமானாக விரும்புகிறவன் எசமானுக்குரிய கவலையையும் ஏற்கத்தான் வேண்டும்.

இன்று எங்கள் வீட்டு விளக்குக்கு ‘ஆறு மணி’ என்ற கட்டளையே இல்லை. எங்கள் ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தந்திருக்கிறோம். சூரியன் மறையும் வேளையைச் சுவிட்சே நாள்தோறும் கணக்கிட்டு விளக்கை ஏற்றுகிறது. இணையம் அறுந்தாலும் எரிகிறது. ஒரு குறை உண்டு: அதனுள் மின்கலக் கடிகாரம் இல்லை. மின்தடை நீங்கியதும் நேரம் என்னவென்று இணையத்தைக் கேட்டறிய வேண்டும். இந்தக் குறை எங்களுக்குத் தெரியும். தெரிந்ததால், படியருகே கைவிளக்கு ஒன்றையும் வைத்திருக்கிறோம்.

விலை கொடுத்ததால் மட்டும் ஒரு பொருள் நம்முடையதாகிவிடாது. அது யார் சொல்லைக் கேட்கிறது, எப்போது கேட்காது என்பதை அறிந்தபோதுதான் அது முழுவதும் நம்முடையதாகிறது. உங்கள் வீட்டில் அத்தகைய சுவிட்ச் இருக்குமானால், இன்றிரவு இணையத்தைச் சற்று நிறுத்திவிட்டு, கைப்பேசியில் ஆணையிட்டுப் பாருங்கள். சுவரிலுள்ள ஏவலர் யாருடைய ஆள் என்பதை அவரே சொல்லிவிடுவார்.