எளிய வழங்கியில் தமிழ் அகரவரிசை

ஜார்ஜ் டவுனில் பள்ளி ஆசிரியர் சிலருடன் சேர்ந்து கலைச்சொற்பட்டியல் ஒன்றைத் தொகுத்து வருகிறோம். அதனை வைத்திருக்கப் பழைய கணினி ஒன்றை வழங்கியாக்க எண்ணினோம். நினைவகம் குறைந்த கணினி ஆதலின், வட்டில் ஏறத்தாழ 130 மெகாபைட்டு இடமே வேண்டும் ஆல்பைன் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினோம். அதன்மேல் போஸ்ட்கிரஸ் என்னும் திறந்தமூலத் தரவுத்தள மென்பொருளை அமைத்தோம். ஒரு மாலைப்பொழுதில் பணி முடிந்தது.

பட்டியலை வரிசைப்படுத்தியபோது மனம், மரம், மலர் என வந்தது. "கணினி போட்ட வரிசை சரியாகத்தானே இருக்கும், ஐயா?" என்றார் ஓர் ஆசிரியர். அன்று. மரம், மலர், மனம் என்பதே தமிழ் முறை. தொல்காப்பியர் காலந்தொட்டு னகரமே நம் இறுதி எழுத்து.

பிழையின் வேர் இருவகைத்து. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் இடம், 1988ஆம் ஆண்டின் இஸ்கி என்னும் இந்தியக் குறியீட்டுத் தரத்தைத் தழுவியது. அத்தரம் இந்திய எழுத்துமுறைகளை ஒரே சட்டத்துள் பொருத்தியமையால், ன நகரத்தின் அருகிலும் ற ரகரத்தின் அருகிலும் அமர்ந்தன. ழ, ள இரண்டும் வகரத்திற்கு முன் சென்றன. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின் நிற்கிறது. ஆகவே, அகராதியில் அகம் என்பதற்கு முன் வரவேண்டிய அக்கா பின்னே போகிறது. குறியீட்டெண் வரிசை அகரவரிசை ஆகாது. இதனை மாணவர் நன்கு உணர்தல் வேண்டும்.

இரண்டாவது, ஆல்பைனின் எளிமை. அது பயன்படுத்தும் மசல் என்னும் சிறிய நிரலகம் மொழிவாரி வரிசை விதிகளைக் கொண்டிருப்பதில்லை, குறியீட்டெண்ணையே ஒப்பிடும். இதனை அறியாது நிறுவியது எம் குறையே.

தீர்வு உண்டு. ஐ.சி.யூ. என்னும் பன்மொழி நிரலகத்தில் தமிழுக்குரிய வரிசை விதி இருக்கிறது. போஸ்ட்கிரஸ் 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பிலிருந்து அதனைப் பயன்படுத்த இடந்தருகிறது. ஆனால், ஆல்பைன் 2022 முதல் (3.16ஆம் பதிப்பு) ஐ.சி.யூ. தரவை இரண்டாகப் பிரித்துவிட்டது. இயல்பாக நிறுவப்படுவது ஏறத்தாழ 2.6 மெகாபைட்டு அளவுள்ள ஆங்கிலத் தரவு மட்டுமே. தமிழும் ஏனைய மொழிகளும் அடங்கிய முழுத் தொகுப்பு ஏறத்தாழ 29 மெகாபைட்டு. அதனைத் தனியே கேட்டு நிறுவுதல் வேண்டும். எடை குறைக்கப் புகுவோர் முதலில் இறக்கிவைக்கும் சுமை ஆங்கிலமல்லாத மொழிகளே என்பது எமக்கு உவப்பானதன்று. எனினும், செய்ததை மறைக்காது எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு வரிக் கட்டளையில் மீட்டுக்கொள்ளலாம்.

முழுத் தொகுப்பைத் தரவுத்தளம் அமைப்பதற்கு முன்னரே நிறுவுதல் நன்று. அப்போதுதான் தமிழ் வரிசைமுறை தரவுத்தளத்தின் பட்டியலில் தானே இடம்பெறும். பின்னர் நிறுவினால் அதனை நாமே சேர்க்க நேரும். சேர்ந்த பின்னும், வரிசைப்படுத்தும் கட்டளையில் தமிழைப் பெயர்சுட்டிக் கேட்டல் வேண்டும்.

தம் பள்ளியில் வழங்கி அமைப்போர் அக்கா, அகம், மரம், மலர், மனம் ஆகிய ஐந்து சொற்களையும் கலைத்து உள்ளிட்டு, இதே வரிசையில் திரும்புகின்றனவா எனப் பார்க்கலாம்.