நிலமும் வியாஜ்யமும்: குடும்பச் சொத்துக்கு ஏற்ற மூன்று பத்திரங்கள்

2025-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், திருவண்ணாமலை ஜில்லா ஆரணிக்கு அடுத்த படவேட்டில், ரேணுகாம்பாள் கோயில் உண்டியலைத் திறந்து எண்ணியபோது, காணிக்கைகளுக்கிடையே அசல் சொத்துப் பத்திரங்களும் காணப்பட்டன. அவற்றை உண்டியலில் இட்டதனால் மட்டும் சொத்து கோயிலைச் சேராது என்றும், முறைப்படி எழுதி ரிஜிஸ்தர் செய்தல் வேண்டும் என்றும் கோயில் அதிகாரிகள் தெரிவித்தனர். குடியானவர் மூலப்பத்திரத்தை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டு, காரியம் முடிந்தது என்றிருப்பதும் இத்தகையதே.

இதனால் விளையும் நஷ்டம் கோர்ட்டுச் செலவோடு நிற்பதில்லை. பாகம் தீராத நிலத்தில் கிணற்றை ஆழப்படுத்த ஒருவரும் முன்வரார். மணிலாப் பயிருக்கு எரு அடிக்கவும் மனம் வராது. பட்டா மாண்டவர் பெயரிலேயே நின்றால், வாரிசுகள் பயிர்க்கடன் பெறுவதும் கடினமாகும். இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உள.

முதலாவது பாகபத்திரம். பொதுச் சொத்தைப் பங்காளிகள் அனைவரும் கூடிப் பிரித்துக் கொள்வது இது. பஞ்சாயத்தார் முன்னிலையில் வெள்ளைத்தாளில் எழுதி நிலத்தைப் பங்கிடும் கூர்ச்சீட்டு, 1908-ஆம் வருஷத்து ரிஜிஸ்திரேஷன் சட்டப்படி பதிவு செய்யப்படாவிடில், பாத்தியதைக்கு ஆதாரமாகாது. இந்துக் குடும்பங்களில் பெண்மக்களை விட்டு எழுதும் பத்திரமே பெரும்பாலும் வியாஜ்யத்திற்கு வித்தாகிறது. 2005-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தால் பிதிரார்ஜிதத்தில் மகளுக்கும் மகனுக்கொத்த பங்கு உண்டு. அது பிறப்பால் வரும் பாத்தியதை என்றும், தந்தை அத்திருத்தத்திற்கு முன்னரே இறந்திருந்தாலும் கெடாது என்றும் 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சர்வே நெம்பர், எல்லை ஆகியவற்றுடன் கிணற்றுப் பாகம், தண்ணீர் முறை, வண்டிப்பாதை ஆகியவற்றையும் தெளிவாய் எழுதுதல் அவசியம்.

இரண்டாவது செட்டில்மெண்டு. உரிமையாளர் உயிருடனிருக்கையிலேயே சொத்தைக் குடும்பத்தாருக்குக் கொடுத்து விடுவது இது. தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் விதித்தபடி, குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரை வரி 100-க்கு 1 வீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் அவ்வீதமே, உச்சவரம்பு 10,000 ரூபாய். கொடுத்து ஏற்கப்பட்டதைப் பின்னர் நினைத்தவாறு திரும்பப் பெற இயலாது. ஆதலால் ஆயுட்கால அனுபோக உரிமையைத் தமக்கு நிறுத்திக் கொள்வதும், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுதுவதும் விவேகமாகும். அந்நிபந்தனை தவறினால், 60 வயது நிரம்பியவர் 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுச் செய்து, பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரலாம்.

மூன்றாவது உயில். இது எழுதியவர் காலத்திற்குப் பின்னரே பலிக்கும். உயிருள்ளவரை மாற்றி எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமன்று, எனினும் பதிவு செய்வது பிற்காலச் சந்தேகத்தைக் குறைக்கும். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி குறைந்தது இருவர் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். பின்னாளில் கோர்ட்டில் சாட்சி சொல்ல நேரிடலாமாகையால், சொத்தில் பயனடையாதவரும் வயதில் இளையவருமானோரைத் தேர்தல் நலம். சுயார்ஜிதம் முழுவதையும் உயிலில் எழுதலாம். பிதிரார்ஜிதத்திலோ தம் பங்கை மட்டுமே எழுத இயலும். முஸ்லிம்களுக்கு உயில் உரிமை வேறு வரம்புடையது; அவர்கள் வக்கீலைக் கலந்து கொள்க.

பத்திரம் பதிவானபின் பட்டா மாறுதலையும், நிலம் பிரிந்திருந்தால் உட்பிரிவையும் உடனே முடித்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் வயது முதிர்ந்த பட்டாதாரர்களுக்கு இதனை நினைவூட்டுவது பேருபகாரமாகும்.

கார்த்திகைத் தீபத்திற்கு வெளியூர்ப் பிள்ளைகளும், மணமாகிச் சென்ற பெண்மக்களும் திருவண்ணாமலையில் கூடுகின்றனர். பெரியவர் திண்ணையிலிருந்து, எல்லோர் எதிரிலும், எந்த வயல் யாருக்கு என்று பேசி முடிக்க அதனினும் நல்ல வேளை வாய்ப்பதரிது. பேசியதை மறுவாரமே சப்ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு செய்துவிட்டால், உழவர் பணம் கோர்ட்டுக்குப் போகாமல் கிணற்றுக்கும் நிலத்துக்கும் போகும்.