தாய் ஒதுக்கிய நாய்க்குட்டி: பாலுக்கு முன்னால் கவனிக்க வேண்டியது என்ன?

கண்கூடத் திறக்காத ஒரு நாய்க்குட்டி தெருவோரம் தனியாகக் கிடந்து கத்தினால், பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். தூக்கிக்கிட்டு வீட்டுக்கு ஓடி, கொஞ்சம் பாலில் தண்ணி கலந்து, பாலாடையிலோ இங்க் ஃபில்லரிலோ வாயில் ஊற்றுவார்கள். நல்ல மனசோடு செய்கிற இந்தக் காரியமே பல நேரங்களில் குட்டியின் உயிருக்கு உலை வைத்துவிடுகிறது. பசியைவிடக் குளிர்தான் இந்த வயதுக் குட்டியை சீக்கிரமாகக் கொல்லும். ஏன் அப்படி, என்ன செய்தால் காப்பாற்றலாம் என்று விரிவாகப் பார்க்கலாம்.

உண்மையிலேயே ஒதுக்கிவிட்டதா?

முதலில் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். தெருவில் குட்டி போட்ட நாய்க்கு யாரும் தட்டில் சோறு வைப்பதில்லை. இரை தேடி அதுவேதான் போயாக வேண்டும். போன நேரத்தில் குட்டிகளைப் பார்த்துவிட்டு, "அம்மா விட்டுட்டுப் போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். குட்டிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுத்துத் தூங்கினால், வயிறு நிறைந்திருந்தால், தொட்டால் சூடாக இருந்தால் தாய் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது. தள்ளி நின்று ஓரிரண்டு மணி நேரம் கவனித்தாலே தெரிந்துவிடும். குட்டி சில்லென்று இருந்தாலோ, நனைந்திருந்தாலோ, எறும்பு மொய்த்தாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது.

மனுஷக் கை பட்டால் தாய் நாய் குட்டியைச் சேர்க்காது என்று ஒரு பேச்சு உண்டு. தொட்டதால் மட்டும் எந்த நாயும் குட்டியை விடுவதில்லை. ஆனால் ஆள் மாற்றி ஆள் வந்து தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது மிரண்டு போய் இடத்தை மாற்றும். மாற்றும்போது ஒன்றிரண்டு விடுபட்டுப் போகலாம்.

நிஜமாகவே ஒதுக்குவதற்கும் காரணங்கள் இருக்கின்றன. தலைச்சன் ஈற்றில் என்ன செய்வதென்றே சில நாய்களுக்குப் புரியாது. சிசேரியன் செய்த வீட்டு நாய்க்கு மயக்கம் தெளியும்வரை குட்டி தன்னுடையது என்ற உணர்வே வராமல் இருக்கலாம். மடி வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் அது மடிநோய். குட்டி வாய் வைத்தாலே வலி தாங்காமல் உறுமித் தள்ளும். இதற்கெல்லாம் மருத்துவம் இருக்கிறது. தாயின் தலையைத் தடவி அமைதிப்படுத்தி, பக்கத்திலேயே இருந்து குட்டியை மடியில் பிடித்துவிட்டால் ஒரு நாளில் சேர்த்துக்கொள்கிற தாய்களும் உண்டு. இந்த முயற்சி ரொம்ப முக்கியம். நோய் எதிர்ப்பு சக்தியைத் தரும் சீம்பாலைக் குட்டியின் குடல் உறிஞ்சுவது பிறந்து சுமார் 24 மணி நேரம் வரைதான்.

குளிர்ந்த குட்டி, சில்லிட்டுப் போன குட்டி, அல்லது அண்ணம் பிளந்த குட்டி என்றால் தாய் தானாகவே தள்ளி வைக்கும். பாவம்தான், ஆனால் அது கொடுமைக்காக அல்ல. இதில் குளிர்ந்துபோன குட்டியை மீட்க முடியும். சூடு திரும்பியதும் தாயிடமே விட்டால் ஏற்றுக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது.

முதலில் சூடு, அப்புறம்தான் பால்

பிறந்த முதல் வாரத்தில் நாய்க்குட்டியால் நடுங்கக்கூட முடியாது. நடுக்கம் என்பது உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும் வழி. அது இல்லாததால் தாயின் வயிறும் கூடப் பிறந்தவையும்தான் அதற்கு அடுப்பு. அவற்றைப் பிரித்து மொசைக் தரையில் போட்டால், நமக்கு வியர்க்கிற அறையிலும் குட்டி சில்லிட்டுப் போகும்.

முதல் வாரத்தில் குட்டியின் உடல் வெப்பம் 95 முதல் 98 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 94-க்குக் கீழே இறங்கினால் குடல் வேலை செய்வதை நிறுத்திவிடும். அந்த நேரம் உள்ளே போகிற பால் செரிக்காது. வயிற்றிலேயே தங்கிக் கெடும், அல்லது எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும். "பால் குடிச்சுது, ஆனா காலைல செத்துப் போச்சு" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

வாய்க்குள் சுண்டு விரலை வைத்துப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் பாலை மறந்துவிட்டு சூட்டைக் கவனிக்க வேண்டும். ஈரத்தைத் துடைத்து, பனியனுக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்வது கைக்கு எட்டின முதல் வழி. அட்டைப் பெட்டியில் பழைய பருத்தி வேட்டியை மடித்துப் போட்டு, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு ஓரமாக வைக்கலாம். பாட்டில் பாதிப் பக்கம் மட்டும் இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து போக மறு பாதி வேண்டும். பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். அவசரப்பட்டு ஹேர் டிரையர், ஹீட்டர் முன்னால் காட்டக் கூடாது. ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மெதுவாக ஏற வேண்டிய சூடு அது. குளிப்பாட்டுவதும் வேண்டாம். தெள்ளுப்பூச்சி, உண்ணி இருந்தால் சீப்பால் எடுங்கள். பவுடர் போட்டால் அந்த மருந்தே விஷமாகலாம்.

எந்தப் பால், எப்படி?

பசும்பாலோடு ஒப்பிட்டால் தாய் நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைவு. பசும்பாலை அப்படியே கொடுத்தாலே பேதியாகும். அதில் தண்ணியும் கலந்தால் சத்தும் பாதியாகிவிடும். பேதி ஆரம்பித்தால் இந்த அளவுக் குட்டி ஒரே நாளில் நீர் வற்றிப்போகும். நாய்க்குட்டிகளுக்கென்றே பால் மாவு செல்லப்பிராணி கடைகளில் விற்கிறது. டப்பாவில் போட்டிருக்கிற அளவில் கலக்க வேண்டும். ராத்திரி கடை இல்லை என்றால், கெட்டிப் பாலில் முட்டையின் மஞ்சள் கருவை அடித்துக் கலந்து, காலை வரை சமாளிக்கலாம். அதுவே வழக்கமாகிவிடக் கூடாது.

பக்கத்துத் தெருவில் பால் கொடுக்கிற வேறொரு சாதுவான நாய் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அதன் குட்டிகள் படுத்த துணியால் இந்தக் குட்டியைத் தடவிச் சேர்த்துவிட்டு, சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பாலாடை வேண்டவே வேண்டாம். குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்து ஊற்றினால் புரை ஏறி, பால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். குட்டி குப்புற, தாயிடம் குடிப்பதுபோலவே இருக்க வேண்டும். தலை லேசாக மட்டும் உயரலாம். சின்ன நிப்பிள் பாட்டிலில் அதுவாக உறிஞ்சட்டும். உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்குக் குழாய் வழியாகப் பால் செலுத்துவது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும், சுடக் கூடாது.

300 கிராம் குட்டி ஒரு வேளைக்கு 10 முதல் 12 மில்லிதான் தாங்கும். அதனால் முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும் சேர்த்து கொடுக்க வேண்டும். தூக்கம் போய்விடும், அதை முன்பே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

பலருக்குத் தெரியாத ஒரு வேலை

இந்தக் குட்டிகளால் சுமார் மூன்று வாரம் வரை தானாகச் சிறுநீர், மலம் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் வெளியேறும். தாய் இல்லாத இடத்தில், ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றின் கீழ்ப்பகுதியை மெதுவாகத் தடவ வேண்டும். சிறுநீர் வெளிர் நிறமாக வந்தால் சரி. அடர் மஞ்சளாக வந்தால் உடம்பில் நீர் குறைகிறது.

வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று தெரிய சமையலறைத் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். நாளுக்கு 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். இரண்டு வாரத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும். ஒரு நாள் எடை இறங்கினாலும், குட்டி பால் மறுத்தாலும், நிறுத்தாமல் முனகினாலும், மூக்கு வழியாகப் பால் வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப் போடக் கூடாது. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போக வேண்டும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தாய் நாய் வெறி பிடித்ததுபோல நடந்துகொண்டு இறந்தது என்று யாராவது சொன்னால் குட்டியை வெறுங்கையால் தொடக் கூடாது. கையில் காயம் இருந்து குட்டியின் எச்சில் பட்டிருந்தால் 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

10 முதல் 14 நாளில் கண் திறக்கும். இரண்டாவது வாரத்தில் மருத்துவர் சொல்லும் அளவில் குடல்புழு மருந்து, மூன்று நான்கு வாரத்தில் கூழாகக் குழைத்த உணவு, ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. தனியாக வளரும் குட்டிக்கு எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பது தெரியாது. அதைக் கூடப் பிறந்தவையே விளையாட்டில் கற்றுத் தருகின்றன. நான்கு வாரத்துக்கு மேல், தடுப்பூசி போட்ட, நோயில்லாத நாயோடு அதைப் பழகவிட்டால் அந்தக் குறை பெருமளவு தீரும்.