கண்ணிழந்த பூனை

"பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. தாம் செய்யும் குற்றத்தைப் பிறர் காணார் என்று எண்ணி மகிழ்வாரை இடித்துரைக்க முன்னோர் இதனைக் கூறினர். இப் பழமொழியைப் பூனையின் மேலேயே வைத்து ஆராய்ந்தால், அதனுள் மற்றோர் உண்மையும் மறைந்திருத்தல் புலனாகும். கண்ணை மூடியபோது மட்டுமன்றி, கண்ணை முற்றும் இழந்துவிட்ட போதும் பூனைக்கு உலகம் இருண்டுவிடுவதில்லை. அஃது எவ்வாறு இயலும் என்பதனையும், அத்தகைய உயிரை வீட்டில் வைத்துப் பேணுவார் அறிந்து ஒழுக வேண்டுவன யாவை என்பதனையும் இப் பாடத்திற் காண்போம்.

பூனை தமிழர்க்கு நெடுநாள் அறிமுகம் உடைய உயிர். பூசை, வெருகு என்னும் பெயர்களும் நூல்களில் அதற்கு வழங்குகின்றன. உயிர்களின் இளமைப் பெயர்களை மரபியலில் தொகுத்துரைத்த தொல்காப்பியர், கீரி, வெருகு, எலி, அணில் என்னும் நான்கன் இளமைக்கும் குட்டி என்னும் பெயர் உரியது என்றார். அப் பெயராலேயே இன்றும் நாம் பூனைக்குட்டி என்கிறோம். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்திற் பிறந்த பாரதியார், வெள்ளைப் பூனை ஒன்று ஈன்ற பல நிறக் குட்டிகளைச் சான்றாகக் காட்டி, மக்களுள் ஏற்றத்தாழ்வு பாராட்டுதல் பேதைமை என்று பாடினார்.

நிலத்தில் மட்டுமன்றிக் கடலிலும் பூனை மனிதனுக்குத் துணையாயிற்று. மத்தியதரைக் கடலிலுள்ள சைப்பிரசு தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனையின் எலும்புக்கூடும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பூனை அத் தீவுக்குரிய விலங்கு அன்று. ஆதலின் அதனை மனிதர் மரக்கலத்தில் ஏற்றிச் சென்றனர் என்பது தெளிவு. தானிய மூட்டைகளையும் கயிறுகளையும் பாய்களையும் எலிகள் கடித்துப் பாழாக்காவண்ணம் காப்பதற்காகப் பிற்காலக் கப்பல்களிலும் பூனைகளை வளர்த்தனர்.

முத்துக்குப் பெயர்பெற்ற பண்டைக் கொற்கைக்கு அண்மையில் அமைந்தது தூத்துக்குடித் துறைமுகம். மீன் இறங்கும் இடமெல்லாம் பூனை கூடும் இடமே ஆகும். படகுகள் கரை சேரும் வேளையில், வலை உதறும் இடத்திலும் மீன் தரம் பிரிக்கும் இடத்திலும் அவை காத்திருக்கும். உதிர்ந்த மீன் அவற்றிற்கு உணவு. கவிழ்த்த படகின் நிழல் அவற்றிற்கு இல்லம். இத்தகைய இடங்களிற் பிறக்கும் குட்டிகளுக்கு உணவு கிட்டினும் நோயினின்று காவல் கிட்டுவதில்லை. கண்ணிழந்த குட்டிகள் தெருவிற் காணப்படுவதற்கு இதுவே முதற் காரணம்.

பூனைக்குட்டி பிறக்கும்போது அதன் கண்கள் மூடியிருக்கும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்திற்குள் அவை திறக்கும். அவ் விளம் பருவத்தில் பூனைகளுக்கே உரிய சளிநோய்க் கிருமிகள் தொற்றினால் கண் சிவந்து, சீழ் கட்டி, இமைகள் ஒட்டிக்கொள்ளும். உடனே மருந்திட்டால் பெரும்பாலும் குணமாகும். கவனியாது விட்டால் கருவிழியிற் புண் தோன்றிக் கண்ணே அழிந்துவிடும். முதுமையடைந்த பூனைகள் சிலவற்றிற்கு இரத்தக் கொதிப்பினால் விழித்திரை பெயர்ந்து, திடீரெனப் பார்வை போவதும் உண்டு.

நாம் அன்போடு இடும் உணவும் கண்ணைக் கெடுக்கக்கூடும் என்றால் வியப்பாக இருக்கும். இறைச்சியிலும் மீனிலும் டாரின் என்னும் சத்து உள்ளது. பூனையின் உடல் அச் சத்தைத் தனக்கு வேண்டுமளவு ஆக்கிக்கொள்ள மாட்டாது. அது குறைந்தால் பூனையின் விழித்திரை சிதையும் என்பதனை அறிவியலார் 1975-ஆம் ஆண்டில் கண்டு உரைத்தனர். எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு இக் குறை நேராது. வீட்டினுள் அடைத்து வைத்து, பாற்சோறும் தயிர்ச்சோறும் மட்டுமே இட்டு வளர்க்கப்படும் பூனைக்கு நேரக்கூடும். வளர்ப்பவர் உண்ணும் உணவு வேறு. பூனைக்கு உரிய உணவு வேறு என்பதை மறத்தலாகாது.

இனி, பார்வை இழந்த பூனை எவ்வாறு வாழ்கின்றது என்று பார்ப்போம். அதன் மேலுதட்டின் இரு புறத்திலும், பக்கத்திற்குப் பன்னிரண்டு என்னும் அளவில், நீண்ட மீசை மயிர்கள் உள்ளன. கண்ணுக்கு மேலும், மோவாயிலும், முன்னங்கால்களின் பின்புறத்திலும் அத்தகைய மயிர்கள் உண்டு. ஏனைய மயிரினும் ஆழமாக வேரூன்றிய அவை, நரம்புகள் செறிந்த இடத்தில் நிலைத்துள்ளன. ஒரு பொருளைத் தொடுவதற்கு முன்னரே, அதனருகே காற்று அசையும் வேறுபாட்டை அவை உணர்த்திவிடும். கண்ணில்லாத பூனை சுவரில் மோதாமல் திரும்புவதைக் கண்டு வியப்பவர், அதன் மீசையைக் கண்டு வியத்தல் வேண்டும்.

செவியின் ஆற்றலும் சிறியது அன்று. மனிதன் நொடிக்கு 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்பான். பூனையோ 60,000 அதிர்வையும் கடந்த நுண்ணொலியைக் கேட்கும். ஒரு செவியை ஒரு பக்கமும் மற்றொன்றை மற்றொரு பக்கமும் திருப்பி, ஒலி எழும் இடத்தைத் துல்லியமாக அறியும். மூக்கினாலும், மேல்வாயிலுள்ள தனியுறுப்பு ஒன்றினாலும் மணத்தைப் பகுத்துணரும். இவற்றிற்கெல்லாம் மேலாக நினைவாற்றல் உண்டு. எத்தனை அடியில் கதவு, எங்கே படி, எங்கே தண்ணீர்க் கிண்ணம் என்பவற்றைச் சில நாளில் உள்ளத்தில் பதித்துக்கொண்டு, அதன்பின் தயக்கமின்றி நடமாடும்.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் மையாமி நகரில், 1997-ஆம் ஆண்டில், பிறந்து சில வாரமே ஆன கருநிறக் குட்டி ஒன்று கண்ணோயுற்றுக் கைவிடப்பட்ட நிலையில் கிடைத்தது. அதன் உயிரைக் காக்க இரு கண்களையும் அகற்ற வேண்டியதாயிற்று. கண்ணில்லாக் குட்டியை ஏற்றுக்கொள்வார் எளிதிற் கிடைக்கவில்லை. முடிவில் குவென் கூப்பர் என்னும் பெண்மணி அதனைத் தம் இல்லத்திற்குக் கொண்டு சென்றார். கிரேக்க நாட்டின் பெருங்காவியங்களை இயற்றியவராகக் கூறப்படும் கண்ணற்ற புலவரை நினைந்து, அதற்கு ஓமர் என்று பெயரிட்டார்.

ஓமர் அஞ்சி ஒடுங்கிக் கிடக்கவில்லை. ஒலியை மட்டுமே குறியாகக் கொண்டு பாய்ந்து, பறக்கும் ஈயைப் பிடித்தது. ஓர் இரவு அயலான் ஒருவன் வீட்டினுள் புகுந்தபோது, அது சீறிப் பாய்ந்து அவனை வெருட்டியது என்று குவென் கூப்பர் எழுதியுள்ளார். பின்னர் அவர் நியூயார்க்கு நகரில் குடியேறினார். 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அந் நகரின் வணிக மையக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. அவற்றிற்கு அண்மையிலிருந்த தம் வீட்டிற்கு உடனே திரும்ப இயலாமல், பூனைகளை எண்ணிக் கலங்கிய அவர், சில நாளுக்குப்பின் சென்று அவற்றை உயிரோடு கண்டார். ஓமரின் வரலாறு 2009-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து பல்லாயிரவரைக் கவர்ந்தது. 2013-ஆம் ஆண்டில் இறக்கும் வரை, ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் அப் பூனை நிறைவாக வாழ்ந்தது.

இவ்வாறு வாழ்வதற்குப் பூனையின் ஆற்றல் மட்டும் போதுமா? போதாது என்பதற்குத் தூத்துக்குடிக் கடலே விளக்கம் தரும். இக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. எனினும் குளிப்பவர் செய்த தொழில்முறை மறக்கத்தக்கது அன்று. குளிப்பவர் கனமான கல்லின்மேல் காலூன்றி, மூச்சை அடக்கி, முத்துச் சிப்பிகள் கிடக்கும் பாருக்குக் கடலடியில் இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்தில் கைக்கு எட்டிய சிப்பிகளைத் திரட்டிக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் உடனே மேலே இழுத்தல் வேண்டும். குளிப்பவரின் துணிவும் திறமையும் எத்துணைப் பெரியனவாயினும், கயிறு பிடிப்பவர் கவனம் பிசகினால் உயிருக்கே கேடு. அதனாலேயே கயிற்றைப் பிடிக்கத் தம் மனைவியின் உடன்பிறந்தானை அமர்த்துவர் என்று இக் கரையிற் கூறுவதுண்டு; தன் தமக்கையோ தங்கையோ கைம்மையுற அவன் ஒருகாலும் விடான் அன்றோ?

கண்ணிழந்த பூனைக்கு வீட்டின் அமைப்பே கயிறு. வளர்ப்பவரே அதனைப் பிடித்து நிற்பவர். நேற்று இருந்த இடத்தில் கிண்ணம் இன்றும் இருக்கும் என்று நம்பியே அது அடியெடுத்து வைக்கின்றது. நாம் எண்ணமின்றி நடைவழியில் வைத்த நாற்காலி, அதற்கு நாம் கொடுத்த வாக்கை மீறியதாகும்.

ஆதலின் இத்தகைய குட்டியை ஏற்க விரும்புவோர் சில முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். தெருவில் நோயுற்றுக் கிடக்கும் குட்டியைச் சிறுவர் வெறுங்கையால் தூக்குதல் கூடாது; பெரியோரை அழைத்து, துணியாற் சுற்றி எடுத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். கடியோ கீறலோ பட்டால், சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்க. வெறிநோய்க்கு முன்காவல் உண்டு; நோய் முற்றியபின் மருந்து இல்லை. பூனையின் கண்ணுக்கு மருத்துவர் கூறாத மருந்தை நாமே இடுதல் தீது.

வீட்டிற்கு வந்த குட்டியை முதலில் ஒரு சிறு அறையில் வைக்க. உணவும் நீரும் ஒரு மூலையிலும், மலசலம் கழிக்க மணல் நிரப்பிய தட்டு மற்றொரு மூலையிலும் இருக்கட்டும். அவ்வறையை அது நன்கு அறிந்தபின் அடுத்த அறையைத் திறந்து விடலாம். அதனைத் தூக்கிச் சென்று கண்ட இடத்தில் இறக்கிவிட்டால் திசை மயங்கும்; உணவுக் கிண்ணத்தின் அருகிலோ மணல் தட்டின் அருகிலோ இறக்கினால் தான் இருக்குமிடத்தை உடனே அறிந்துகொள்ளும். தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைத்தல் வேண்டும். சத்தமின்றிச் சென்று திடீரெனத் தொட்டால் அஞ்சிக் கீறும். விளையாடுவதற்கு மணி கட்டிய பந்து ஏற்றது. கிணறு, நீர்த்தொட்டி, மொட்டைமாடி, மாடிப்படி ஆகியவற்றிற்குத் தடுப்பு இடுதல் இன்றியமையாதது. வண்டிகள் ஓடும் தெருவில் அதனை விடவே கூடாது. உரிய காலத்தில் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்தால் அதற்கும் நலம், ஊருக்கும் நலம்.

மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணிய பேகன் தன் போர்வையை அதற்கு அளித்தான். மயில் அதனைப் போர்த்துக்கொள்ளுமா என்று அவன் ஆராயவில்லை. ஆராயாது அளித்த அவ் வள்ளன்மையைப் புலவர் கொடைமடம் என்று போற்றினர். ஒரு கணத்தில் பொங்கி எழும் அவ் வருளின் பெருமை குன்றுவதன்று. எனினும் கண்ணிழந்த உயிரொன்றைப் பேணுவதற்கு அக் கணத்து உள்ளம் போதாது. கண்டவுடன் கண்ணீர் விடுதல் எளிது. பத்துப் பதினைந்து ஆண்டுகள், நாள்தோறும் அதே இடத்தில் அதே கிண்ணத்தை வைத்தல் அரிது. அறிவோடும் ஒழுங்கோடும் கூடியபோதே அருள் பயன் தரும்.

இக் கடமையை நம் நாட்டுச் சட்டமும் ஏற்றுள்ளது. ருக்மணிதேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியின் பயனாக, விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. உயிர்களிடத்து இரக்கம் காட்டுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என 1976-ஆம் ஆண்டில் அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்டது.

மாணவர்களே! எல்லோரும் பூனை வளர்த்தல் இயலாது. வளர்க்க இயலாதவர் ஏற்றுக்கொள்ளாமல் இருத்தலே நேர்மை. ஆயின் ஏற்றுக்கொண்டபின் கைவிடுதல், குளிப்பவர் கடலடியில் இருக்கும்போது கயிற்றை நழுவவிடுதலை ஒக்கும். கண்ணிழந்த பூனைக்கு உலகம் இருண்டுவிடுவதில்லை என்று கண்டோம். அவ் வுலகம் நிலைபெற்று இருப்பதும் தடுமாறுவதும் அதனைப் பேணுவோர் கையில் உள்ளன.