கருடன் எங்கே குடியிருக்கிறார்?

ஆலய மலருக்கு ஆண்டுதோறும் கட்டுரை கேட்டு நம் செயலாளர் தொலைபேசியில் அழைப்பதும், நான் தல வரலாறு, விரத மகிமை என்று ஏதாவது எழுதிக் கொடுப்பதும் வழக்கம். இம்முறை பறவைகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சற்றுத் தயங்கினார். "ஆலய மலருக்குப் பொருந்துமா, சார்?" என்று கேட்டார். பொருந்துமா இல்லையா என்பதை மெய்யன்பர்களாகிய நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நம் ஆலயத்தின் கடந்த மகா கும்பாபிஷேகத்தை நேரில் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். சிவாச்சாரியார்கள் கடங்களைத் தலையில் சுமந்து விமானத்தின் மேல் ஏறி நிற்கிறார்கள். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் முழங்குகின்றன. ஆனால் கூட்டத்தில் பாதிப் பேர் கலசத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவை காகங்கள்தாம். சிறிது நேரத்தில் கூட்டரசு நெடுஞ்சாலைப் பக்கமிருந்து ஒரு பருந்து வந்து, கோபுரத்துக்கு மேலே சிறகை அசைக்காமல் மூன்று முறை வட்டமிட்டது. "கருடன்! கருடன்!" என்ற குரல் எழுந்தது. என் பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒருவர் கைகளைத் தலைக்குமேல் குவித்துக் கண்ணீர் விட்டார். எனக்கும் மெய்சிலிர்த்தது.

அன்று அன்னதானப் பந்தியில் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அந்தக் கருடனோட வீடு எங்க இருக்கு?" முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவன் நான். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. வைகுண்டத்தில் என்று சொல்லித் தப்பித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

பிறகு படித்தும், விவரம் அறிந்தவர்களைக் கேட்டும், நேரில் போய்ப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

நாம் கருடன் என்று கும்பிடும் பறவைக்குத் தமிழில் செம்பருந்து, கிருஷ்ணப் பருந்து என்று பெயர். மலாய்க்காரர்கள் லாங் மேரா என்பார்கள். தலையும் மார்பும் சங்குபோல் வெண்மை. மற்ற உடலும் சிறகும் செங்காவி நிறம். லங்காவித் தீவின் பெயரே இந்தக் காவி நிறக் கழுகிலிருந்து வந்தது என்று சொல்வாருண்டு. இளம் பருந்துகளுக்கு இந்த அழகு வாய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அவை வெறும் பழுப்பு நிறம். அவற்றை யாரும் கருடன் என்று கும்பிடுவதில்லை, பாவம்!

கும்பாபிஷேக நேரத்தில் அது ஏன் வட்டமிடுகிறது? காலை வெயில் ஏறியதும் தார்ச் சாலை, துத்தநாகக் கூரை, சிமெண்டுத் தரை ஆகியவை மரங்களையும் தண்ணீரையும்விட விரைவாகச் சூடாகின்றன. அவற்றின் மேலுள்ள காற்றும் சூடாகி, இலேசாகி, தூண்போல மேலே எழும்புகிறது. பருந்து அந்தக் காற்றுத் தூணுக்குள் புகுந்து வட்டமிட்டால் போதும். சிறகடிக்காமலேயே உயரே போய்விடும். பொழுது விடிந்தவுடன் இந்தக் காற்று எழும்புவதில்லை. வெயில் நன்றாக ஏறியபின்தான் எழும்பும். நம் கும்பாபிஷேக முகூர்த்தங்கள் பெரும்பாலும் அந்த வேளையில்தானே அமைகின்றன! இதைச் சொன்னால் பக்தி குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சலாம். எனக்குக் குறையவில்லை. வானத்தில் நமக்குத் தெரியாத படிக்கட்டு ஒன்று இருப்பதை அறிந்தபின் வியப்பு கூடத்தான் செய்தது.

இனி, பேத்தி கேட்ட வீட்டுக்கு வருவோம். செம்பருந்துக்கு மிகவும் பிடித்த இருப்பிடம் கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு. பாக்காவ் மரக் காடு என்றால் கிள்ளான்வாசிகளுக்கு உடனே புரியும். அங்குள்ள உயர்ந்த மரங்களில் சுள்ளிகளால் கூடு கட்டும். மீன், நண்டு, கரையொதுங்கிய செத்த பிராணிகள் ஆகியவை அதன் உணவு. பாக்காவ் இலை சேற்றில் விழுந்து மக்குகிறது. அதைத் தின்று நண்டும் இறாலும் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன மீன் வருகிறது. மீனையும் நண்டையும் தேடிப் பருந்து வருகிறது. ஆற்றோரமாகவும் பழைய ஈய லம்பக் குட்டைகளின் வழியாகவும் அது நம் பக்கம்வரை பறந்து வரும். ஆகவே கிள்ளான், காப்பார், கோல சிலாங்கூர் கரைகளில் பாக்காவ் காடு அழிந்தால் அடுத்த கும்பாபிஷேகத்தில் நாம் எவ்வளவு நேரம் வானத்தைப் பார்த்து நின்றாலும் காகங்களைத்தான் காண முடியும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. கோல சிலாங்கூரில் புக்கிட் மலாவாத்தி குன்றுக்குப் போகாதவர் நம்மில் குறைவு. குரங்குகளுக்குக் கடலை கொடுத்துவிட்டு, இறால் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். அந்தக் குன்றின் அடிவாரத்திலேயே ஒரு பறவைக் காடு இருப்பதை நானே ஐம்பது வயது தாண்டித்தான் அறிந்தேன். 1980களில் அந்த நிலத்தைக் கோல்ப் திடலாக்கும் திட்டம் இருந்தது. 1940இல் தொடங்கப்பட்ட இயற்கைக் கழகம் (இன்றைய மலேசிய இயற்கைக் கழகம்) மாநில அரசாங்கத்திடம் எடுத்துச் சொல்ல, 1987இல் அது இயற்கைப் பூங்காவாயிற்று. யாரோ சிலர், நம்மைப்போல் குழுவாகக் கூடிப் பேசி, மனு எழுதி, அலைந்து திரிந்திருக்கிறார்கள். ஆலயத் திருப்பணிக்கு அலைந்தவர்களுக்கு அதன் சிரமம் தெரியும்.

அப்படியானால் கருடனுக்கு நாமே உணவு கொடுத்து வளர்க்கலாமே என்று ஓர் அன்பர் கேட்டார். லங்காவியிலும் கோல சிலாங்கூரிலும் சுற்றுலாப் படகுகளிலிருந்து கோழித் தோலையும் குடலையும் தண்ணீரில் வீச, பருந்துகள் கூட்டமாக இறங்கி எடுப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீனையும் நண்டையும் தின்ன வேண்டிய பறவை வெறும் தோலையும் கொழுப்பையும் தின்றால் குஞ்சுகளுக்கு எலும்புக்கு வேண்டிய சத்து கிடைக்காது. வேட்டையாடும் பழக்கமும் விட்டுப் போகும்.

இங்கே திருக்கழுக்குன்றம் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு யாத்திரை போனவர்கள் பட்சி தீர்த்தம் என்று அதைச் சொல்வார்கள். வேதகிரீஸ்வரர் மலையில் நண்பகல் வேளையில் அர்ச்சகர் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் காத்திருப்பார். வெள்ளைக் கழுகுகள் இரண்டு வந்து உண்டு செல்லும். தலைமுறை தலைமுறையாக நடந்த அதிசயம். மஞ்சள் முகப் பாறு என்னும் கழுகினம் அது. 1990களின் இறுதிக்குப் பிறகு அவை வரவில்லை. மலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, பொங்கல் வைக்க ஆளும் இருக்கிறார், பறவைதான் இல்லை. அதே ஆண்டுகளில்தான் இந்தியா முழுவதும் பாறுக் கழுகுகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்துபோயிற்று. மாடுகளுக்குக் கொடுத்த டைக்லோபினாக் என்னும் வலிநிவாரணிதான் காரணம் என்பது 2004இல் தெரியவந்தது. அந்த மருந்து உண்ட மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து போகும். 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. கோயில் வாசலில் வைக்கும் ஒரு பிடி பொங்கலால் ஒரு பறவையினத்தைக் காப்பாற்ற முடிவதில்லை. அதன் உயிர் ஊருக்கு வெளியே, மாடு விழுந்து கிடக்கும் மேய்ச்சல் நிலத்தில் நிர்ணயமாகிறது.

காகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சனீஸ்வரனின் வாகனம், முன்னோர் வடிவம் என்று நாம் சோறு வைக்கிறோம். அதில் தவறில்லை, நானும் அமாவாசைக்கு வைக்கிறேன். ஆனால் ஊருக்குள் நாம் காணும் காகம் இந்த மண்ணுக்குரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிள்ளானில் காப்பித் தோட்டங்களைப் புழு அரித்தபோது, அதைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டது. நம்மவர்களில் பலரைப் போலவே தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்ததுதான்! காப்பி போய் ரப்பர் வந்தது. காகம் மட்டும் பெருகிக்கொண்டே போயிற்று. மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் அது விட்டு வைப்பதில்லை. வட்டமிடும் பருந்தைக் கூட்டமாகத் துரத்துவதையும் காணலாம். அமாவாசைப் பிடிச் சோற்றால் காகம் பெருகுவதில்லை. மூடி இல்லாத குப்பைத் தொட்டியால் பெருகுகிறது. நம் அன்னதான மண்டபத்தின் பின்புறம் எச்சில் இலை கிடந்த நிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை. பொருளாளரிடம் மூன்று கூட்டங்களில் வாதாடி, மூடி போட்ட பெரிய தொட்டிகள் இரண்டு வாங்கியிருக்கிறோம்.

எனக்கு மிகவும் சங்கடமாக இருந்த நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த மாணவர், இன்று லாரிகள் வைத்துத் தொழில் செய்பவர், நம் ஆலயத்தின் நிரந்தர உபயகாரர்களில் ஒருவர். தம் பிறந்த நாளன்று நூறு குருவிகளை வாங்கி வந்து ஆலய வாசலில் பறக்கவிட விரும்புவதாகச் சொன்னார். நிர்வாகத்தில் எல்லாரும் சரி என்றார்கள். நான் மட்டும் தனியே அழைத்தேன்.

"தம்பி, எதற்காக இதைச் செய்ய நினைக்கிறாய்?" என்றேன்.

"சின்ன வயசுல தோட்டத்துல லாஸ்திக் வச்சு எத்தனையோ குருவிய அடிச்சிருக்கேன், சார். அதுக்குப் பரிகாரமா இருக்கட்டும்னுதான்."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் என்ன சொல்வது? லாஸ்திக்கை அவர்களிடமிருந்து பிடுங்கி என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தேனே தவிர, அந்தக் குருவியின் பெயரைக்கூட நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததில்லை.

மெதுவாகச் சொன்னேன். கடைகளில் விற்கும் அந்தச் சில்லைக் குருவிகள் விடுவிப்பதற்கென்றே வயலில் வலை வைத்துப் பிடிக்கப்படுகின்றன. நூறு வேண்டும் என்று நாம் கேட்டால் நூற்றுக்கு மேல் பிடிப்பார்கள். வழியிலேயே பல செத்துப்போகும். விட்டபின்னும் பசியிலும் பயத்திலும் தளர்ந்தவை பூனைக்கும் காகத்துக்கும் இரையாகும். கூண்டில் வளர்க்கும் ஆசையும் இதே கதைதான். ஆற்றோரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் பாடிக்கொண்டிருந்த பாராவ் பாராவ் பறவை, பாட்டுக்காகவே பிடிக்கப்பட்டுப் பிடிக்கப்பட்டு, 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ, ஆலயத்துக்கு ஓர் உபயம் போயிற்றோ என்று எனக்குக் கவலை. மறுவாரம் வந்தார். "குருவிக்கு வச்சிருந்த பணத்துக்கு ஒரு பஸ் பிடிங்க, சார். பிள்ளைங்கள அந்தக் கோல சிலாங்கூர் காட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றார்.

அப்படித்தான் தேவார வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் நாங்கள் சில பெரியவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் எந்தப் பறவை நிற்கும்? பிறகு ஒரு பையன், "சார், எல்லாரும் கொஞ்சம் வாய மூடினா வரும்னு நெனைக்கிறேன்" என்றான். வாயை மூடினோம். மீன்கொத்தி வந்தது. கொக்குகள் வந்தன. சேற்றில் நீண்ட மூக்கை விட்டுக் கிளறிக்கொண்டிருந்த உள்ளான்கள் வடக்கே சைபீரியா, மங்கோலியா பக்கமிருந்து குளிருக்குத் தப்பி வருபவை என்று சொன்னபோது பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். பாஸ்போர்ட் இல்லாமலா என்று ஒருத்தி கேட்டாள். வெயில் ஏறியதும் ஆற்றுப் பக்கமிருந்து செம்பருந்து எழும்பியது. ஒன்றல்ல, நான்கு. லாரி முதலாளி தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். என் பேத்தி, "தாத்தா, இதுதான் வீடா?" என்றாள்.

போக விரும்புவோர்க்கு வேறு இடங்களும் உண்டு. போர்ட்டிக்சனில் கடலாடப் போகிறவர்கள் மார்ச் மாதத்தில் தஞ்சோங் துவானுக்குச் சென்று காலை பத்து மணிக்கு மேல் அண்ணாந்து பாருங்கள். சுமத்திராவிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலைக் கடந்து தேன்பருந்துகள் கரையேறும். கடலின் மேல் நான் முன்பு சொன்ன காற்றுத் தூண் இல்லை. ஆகவே நீரிணை ஒடுங்கிய அவ்விடத்தைத் தேர்ந்து, களைத்து வந்து சேரும். 2000ஆம் ஆண்டு முதல் இயற்கைக் கழகத்தினர் அதற்கு விழாவே எடுத்துவந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் இயலாதவர்களுக்குப் பக்கத்திலேயே கெலானா ஜெயா ஏரிகள் இருக்கின்றன. அவையும் ஈய லம்பங்கள்தாம். மாலையில் வக்கா என்னும் இராக்கொக்கு "குவாக்" என்று கத்திக்கொண்டு பறப்பதைப் பென்ஷன்காரர்கள் காசு செலவில்லாமல் காணலாம்.

தீபாவளி நெருங்கும்போது சிவகங்கைச் சீமையின் கொள்ளுக்குடிப்பட்டியை நினைத்துக்கொள்வேன். நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த சீமை அது. ஊர்க் கண்மாயில், வேட்டங்குடிச் சரணாலயத்தில், கூடு கட்டும் நாரைகள் மிரண்டுவிடும் என்று அவ்வூரார் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறையினர் இனிப்பு கொண்டுவந்து அவர்களுக்கு நன்றி சொல்கிறார்கள். நம் ஆலயத்தின் பின்புறத்து மரத்தில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியிருப்பதால், இவ்வாண்டு அந்தப் பக்கம் வாணவேடிக்கை வேண்டாம் என்று நிர்வாகக் கூட்டத்தில் முன்மொழிந்திருக்கிறேன். இளைஞர் பகுதியினர் முகம் சுளித்தார்கள். முடிவு இன்னும் ஆகவில்லை.

அடுத்த கோல சிலாங்கூர்ப் பயணத்துக்கும் அதே உபயகாரர் பேருந்துக்குப் பொறுப்பேற்றிருக்கிறார். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர் ஆலய அலுவலகத்தில் தொடர்புகொள்ளலாம். தொப்பி, குடிநீர், கொசு மருந்து கொண்டுவரவும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் ஆடை வேண்டாம். தொலைநோக்கி நம்மிடம் இரண்டுதான் இருக்கிறது. வைத்திருப்போர் கொண்டுவந்தால் நலம்.