எட்டுக் கலை பிசகிய கணக்கு

கரும்பலகை அருகே ஆசிரியர் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் ஏறத்தாழ நாலேகால் மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள அந்த சாக்பீஸ் உங்கள் கண்ணில் உண்டாக்கும் கோணம் எட்டுக் கலை. ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்குக்குக் கலை என்று பெயர். முழுநிலவின் அகலத்தில் கால் பங்குதான் எட்டுக் கலை என்பது. இவ்வளவு சிறிய பிழையைப் "போனால் போகிறது" என்று விட்டுவிட மறுத்த ஒருவரால்தான், கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று பாடநூலில் நாம் ஒரே வரியில் படிக்கிறோம். அந்த ஒரு வரியை எட்ட அவருக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. அதில் பெரும் பகுதி தோல்வியிலேயே கழிந்தது.

அவர் 1571-ல் ஜெர்மனியில் பிறந்த ஜோகன்னஸ் கெப்ளர். தமது 24-ஆம் வயதில், 1596-ல், ஒரு புத்தகம் வெளியிட்டார். கனசதுரம், நான்முகி முதலான ஐந்து ஒழுங்கான திண்ம உருவங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் கோள்களின் தொலைவுகள் கிடைத்துவிடும் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. அழகான கருத்துதான். ஆனால் கணக்குச் சரியாகப் பொருந்தவில்லை. கெப்ளர் என்ன செய்தார் தெரியுமா? கையிலிருந்த அளவீடுகள்தாம் துல்லியமற்றவை என்றார். நம்மில் பலரும் அப்படித்தானே சொல்லியிருப்போம்!

நல்ல அளவீடுகளைத் தேடி அவர் 1600-ல் பிராக் நகருக்கு அருகிலிருந்த டைகோ பிராகேயிடம் போய்ச் சேர்ந்தார். டைகோவிடம் தொலைநோக்கி கிடையாது. அப்போது அது வழக்கத்திற்கே வரவில்லை. பெரிய பெரிய கோணமானிகளை அமைத்து, வெறுங்கண்ணாலேயே இரண்டு கலை அளவுக்குப் பிழை குறையும்படி வானத்தை அளந்து வைத்திருந்தார். செவ்வாய்க் கோளின் கணக்கு கெப்ளரிடம் வந்தது. எட்டே நாளில் முடித்துவிடுவதாகக் கெப்ளர் பந்தயம் கட்டினார். 1601-ல் டைகோ இறந்தார். கணக்கு முடியவில்லை.

அக்காலத்தில் கோளின் பாதை வட்டம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கெப்ளரும் வட்டத்தையே எடுத்துக்கொண்டார். சூரியனை மையத்திலிருந்து சற்றுத் தள்ளி வைத்தார். எதிர்ப்புறத்தில், கோள் சீராகச் சுற்றுவதுபோல் தோன்றும் இன்னொரு புள்ளியையும் வைத்தார். இவற்றை எங்கெங்கே வைப்பது என்று நேரடியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. ஓர் இடத்தை ஊகித்து, கணக்கிட்டு, பொருந்தாவிட்டால் சற்று நகர்த்தி, மறுபடியும் கணக்கிட வேண்டும். இப்படி எழுபது முறை செய்தார். மடக்கை அட்டவணைகூட இல்லாத காலம்; நேப்பியர் அதை வெளியிட்டது 1614-ல்தான். முடிவில், சூரியனுக்கு நேர் எதிரே செவ்வாய் வந்த நாட்களில் அதன் திசை இரண்டு கலைக்குள் பொருந்தியது.

வேறொருவராக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார். கெப்ளரோ தம் கணக்கைத் தாமே குறுக்கு விசாரணை செய்தார். செவ்வாய் வடக்கிலும் தெற்கிலும் எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதைக் கொண்டு அதன் தொலைவைச் சோதித்தார். தொலைவு தவறாக இருந்தது. தொலைவு சரியாகும்படி மையத்தை நகர்த்தினார். உடனே திசை பிசகியது. பிசகு எட்டுக் கலை வரை போயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வானியலாரின் அளவீடுகளிலேயே பத்துக் கலை அளவுக்குப் பிழை இருந்தது. அந்த அளவீடுகளை வைத்துக்கொண்டிருந்தால் இந்த எட்டுக் கலை அதற்குள் மறைந்தே போயிருக்கும்; கெப்ளர் வெற்றி பெற்றதாக நினைத்துக்கொண்டிருப்பார். அளக்கும் திறன் வளர்ந்ததால்தான் தோல்வி கண்ணுக்குத் தெரிந்தது. உங்கள் ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அன்று கண்ணில் படாத பிழைகளெல்லாம் இன்று வரிக்கு வரி தென்படும். நோட்டு மாறவில்லையே!

கெப்ளரும் அப்படித்தான். 1596-ல் அளவீட்டைக் குறை சொன்னவர், இப்போது ஆண்டுக்கணக்கில் பாடுபட்ட தம் கணக்கையே தள்ளினார். அவருடைய கண்டுபிடிப்புகளில் இதையே நான் முதலாவதாகச் சொல்வேன்.

ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனை செய்யும் மாணவர்கள் பலர், ஈர்ப்பு முடுக்கத்தின் விடை மிகச் சரியாக 980 வரும்படி அளவுகளைத் "திருத்தி" எழுதிவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இதில் வேடிக்கை என்னவென்றால், சென்னையில் அதன் மதிப்பு ஏறத்தாழ 978.3 சென்டிமீட்டர்/வினாடி². 974 என்று வந்த விடையை அப்படியே எழுதும் மாணவனுக்கு, நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளந்தோமா, அலைவுகளைச் சரியாக எண்ணினோமா என்று தேட ஓர் இடமாவது இருக்கிறது.

கெப்ளரும் தேடினார். பிழை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. சில இடங்களில் மறைந்து சில இடங்களில் ஓங்கி நின்றது. பாதை பக்கவாட்டில் ஒடுங்கியிருப்பதாக அது காட்டிற்று. முட்டை வடிவம் என்று எண்ணி அதில் ஓராண்டுக்கு மேல் அலைந்தார். அந்த முட்டையைக் கணக்கிடுவது கடினம் என்பதால் எளிதான ஒரு நீள்வட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார். விடை அதன் அருகிலேயே இருப்பது அப்போது அவருக்குப் படவில்லை. 1605-ல்தான் செவ்வாயின் பாதையே நீள்வட்டம் என்று தெளிந்தார். 1609-ல் அது நூலாக வந்தது. பாதையின் ஒடுக்கம் எவ்வளவு தெரியுமா? செவ்வாயின் பாதையை 10 சென்டிமீட்டர் ஆரத்தில் காகிதத்தில் வரைந்தால், குறுகிய பக்கத்தில் அரை மில்லிமீட்டர்கூடக் குறையாது. பென்சில் கோட்டின் தடிமனிலேயே அது மறைந்துவிடும்.

தமது இளவயதுப் புத்தகத்தை அவர் 1621-ல் மறுபதிப்புச் செய்தார். மூலத்தில் கை வைக்காமல், தவறிய இடங்களைச் சுட்டிக் குறிப்புகள் சேர்த்தார். ஐந்து திண்ம உருவங்களின் மேலிருந்த ஆசையை மட்டும் அவரால் அப்போதும் விட முடியவில்லை.