தட்டை மாற்றி நிறுத்தால் தெரியும்

காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருந்த பித்தளைத் தராசுகள் இப்போது வரவேற்பறை அலமாரிகளில் ஏறியிருக்கின்றன. அழகுக்காக வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் இரட்டைத்தட்டுத் தராசின் பெருமை அழகில் இல்லை. நிறுப்பவரை நம்பாமலேயே நிறையைச் சரிபார்க்க வாங்குபவருக்கு இடம் கொடுத்த கருவி அது. தண்டின் நடுவில் தாங்குமுனை, இருபுறமும் சம நீளக் கைகள், சமநிலை காட்ட ஒரு முள், அவ்வளவுதான். மூடிமறைக்க உள்ளே எதுவும் இல்லை.

தராசில்தானே காலங்காலமாக ஏமாற்றினார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். தட்டின் அடியில் புளி ஒட்டுவது முதல் ஒரு கையைச் சற்று நீளமாக அமைப்பது வரை எல்லாம் நடந்தது. ஆனால் அந்தத் தந்திரங்களைப் பிடிக்கவும் அதே தராசு போதும். வெறும் தட்டுகளாகத் தூக்கினால் புளி தெரிந்துவிடும். கை நீளம் மாறுபட்டிருந்தால், சரக்கையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்ததும் முள் சாய்ந்துவிடும். பிழையான தராசிலும் சரியான நிறை காண வழி உண்டு: சரக்கை ஒரு தட்டில் வைத்து மறுதட்டில் மணல் போட்டுச் சமன் செய்ய வேண்டும், பிறகு சரக்கை எடுத்துவிட்டு அதே தட்டில் கற்களை வைத்து மீண்டும் சமன் செய்ய வேண்டும். கைகள் எப்படி இருந்தாலும் அந்தக் கற்களின் நிறைதான் சரக்கின் நிறை. ஒற்றைத் தட்டும் வரையிட்ட தண்டும் கொண்ட வெள்ளிக்கோலில் இந்தச் சோதனை இவ்வளவு எளிதல்ல; அங்கே தண்டிலுள்ள வரைகளை நம்பியாக வேண்டும்.

சோதிக்கக் கடினமானது தராசை விட எடைக்கல்தான். அதனால்தான் பழங்கால ஊர்களின் கவனமெல்லாம் கல்லின் மேல் இருந்தது. சிந்துவெளியின் கனசதுர எடைக்கற்கள் ஏறக்குறைய 13.7 கிராம் அலகைச் சுற்றி இரட்டிப்பாக ஏறுகின்றன. ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் தொலைவில் குஜராத்தின் லோத்தலிலும் அதே முறை. தமிழகத்தில் விதைகளே சிறு எடைகளாயின: இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. விதைக்கு விதை எடை மாறாதா? மாறும். ஆனால் பலவற்றைச் சேர்த்து நிறுக்கும்போது கூடுதலும் குறைவும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டும். பெரிய கணக்குக்கு விதையை நம்பியதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராஜராஜன் கொடுத்த பொன், ஆடவல்லான் என்று பெயரிட்ட கல்லால் நிறுக்கப்பட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. கொடையின் அளவோடு எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் சுவரில் வெட்டிவைத்தார்கள். பின்னாளில் கணக்குப் பார்ப்பவர் அந்தக் கல்லைக் கேட்கலாம் அல்லவா?

மின்னணுத் தராசு வந்தபின் இதெல்லாம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. வேகத்திலும் நுட்பத்திலும் நகைக்கடைக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அது அளப்பது பொருள் கீழ்நோக்கி அழுத்தும் விசையை; அந்த விசை இடத்துக்கு இடம் மாறும். சென்னையில் சரிசெய்த கருவியை அப்படியே டெல்லிக்குக் கொண்டுபோனால் கிலோவுக்கு ஏறக்குறைய 0.9 கிராம் கூடுதலாகக் காட்டும். அரிசிக்கு இது அற்பம், தங்கத்துக்கு அல்ல. இரட்டைத்தட்டில் புவியீர்ப்பு இரு பக்கத்தையும் ஒன்றுபோல் இழுப்பதால் இந்தச் சிக்கலே இல்லை. மின்னணுக் கருவியைச் சரிபார்ப்பவரும் கடைசியில் நிறை உறுதிசெய்யப்பட்ட ஓர் எடைக்கல்லைத்தான் அதன் மேல் வைக்கிறார்.

பழைய முறையின் பெரிய குறை வேறிடத்தில் இருந்தது. வீசை, மணங்கு, சேர் என்ற பழைய நிறை அலகுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. ஓர் ஊரில் சரிபார்த்த நிறை அடுத்த ஊரில் செல்லவில்லை. 1956இல் இந்தியா மெட்ரிக் முறைக்குச் சட்டம் இயற்றி, 1958 முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. மாறியவை கற்கள்தான், மளிகைக் கடைகளின் தட்டுத் தராசுகள் கிலோக் கல்லை ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் வேலை செய்தன.